சமுதாய வானொலியில் உரிமைப் பேச்சு: பெயரை மறைக்கலாம், குரலை என்ன செய்வது?

வள்ளியாறு

கல்குளம் தாலுகாவில் ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை, படித்தால் காரணம் புரியும். வாரம் அரை மணி நேரம் எங்கள் குழுவுக்கு. டிசம்பர் 10 மனித உரிமை நாளையொட்டி, உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசும் ஒரு தொடரை ஆரம்பிக்கலாம் என்று நிர்வாகமும் சம்மதித்துவிட்டது.

இதுவரை இந்த மாதிரி நிகழ்ச்சி என்றால் ஒரு அதிகாரி வருவார், திட்டங்களை வாசிப்பார், கட்டணமில்லா எண்ணைச் சொல்வார், டீ குடித்துவிட்டுப் போவார். ஒரு நேயரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதில்லை. இந்த முறை அனுபவிக்கிறவர்களே பேசட்டும் என்று, முதலாவதாக அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்யும் ஒரு அக்காவிடம் பதிவு செய்தோம்.

அருமையாகப் பேசினார். கொட்டை உடைக்கும்போது தோட்டு எண்ணெய் பட்டு விரல் வெந்து தோல் உரிவது, அதற்குச் சாம்பலைப் பூசிக்கொண்டு மறுபடி உட்காருவது, கிலோ கணக்கில் கூலி என்பதால் விரல் புண்ணான வாரம் கூலியும் குறைவது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று சம்பளத்தில் பிடித்தும் கையில் ஒரு எண்ணும் தராதது. சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெயரை மாற்றினோம். ஆபீஸ் பெயர் இல்லை. ஊரையும் வெட்டினோம். எடிட் செய்து போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற ஒரு கல்லூரிப் பிள்ளை சில விநாடிதான் கேட்டிருப்பாள், "இது எங்க சித்திக்க கூட வேல செய்யுத மாமியில்லா?" என்றாள்.

எங்கள் ஒலிபரப்பு எட்டுவதே சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவர் வீடு, அந்த ஆபீஸ், முதலாளி வீடு, முதலாளியின் மச்சினன் நடத்தும் பேக்கரி எல்லாம் அதற்குள்தான். டிவிக்காரர்கள் முகத்தை மங்கலாக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

என்ன செய்யலாம்? ஒலிபரப்பாமல் வைத்திருக்கிறேன்.

கரமடி

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, யாரானாலும் சரி. நான் தூத்தூர் பக்கம். நீங்கள் கேட்பதில் ஒரு விஷயம் இடிக்கிறது. குரலை மறைக்க வேண்டும் என்று அந்த அக்கா கேட்டாரா, நீங்களாக முடிவு செய்தீர்களா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இங்கே யாரும் குரலை மறைக்கவில்லை. வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி, இரவிபுத்தன்துறை, எந்தத் துறைக்குப் போனாலும் பெண்கள் மைக்கைப் பிடுங்கிப் பேசினார்கள். ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேட ஆள் இல்லை என்பதுதான் கோபம். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அன்றைய படங்களைப் பார்த்தாலே தெரியும். அப்போது எங்கள் குறை, குரல் வெளியே தெரிந்துவிட்டது என்பதில்லை, கேட்க ஆளில்லை என்பதுதான்.

அப்புறம் இன்னொன்று. அந்த நாட்களில் வந்த நிருபர்கள் எல்லாரும் அழுகிற அம்மாவைத்தான் தேடினார்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததோ வேறு. காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். உடல் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் வங்கிக் கணக்கு, காப்பீடு, விதவை உதவித்தொகை எல்லாம் அப்படியே நிற்கும். நிவாரணத்துக்காவது அந்த ஏழு வருடத்தைத் தளர்த்த வைக்கவே எவ்வளவு நடை. தமிழ்நாடு அரசு 20 லட்சம் அறிவித்தது, சரி. அதை வாங்க எந்தத் தாளை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாஷையில் சொல்ல ஒரு வானொலி இருந்திருந்தால், அதுதான் உரிமைப் பேச்சு. கோயில் மைக்கில் பங்குத்தந்தை அறிவித்துத்தான் பாதிப்பேருக்குத் தெரிந்தது.

பழைய அறிவிப்பாளர்

கொஞ்சம் விதிமுறையும் தெரிந்துகொண்டு பேசலாம். நமக்கு வானொலி புதிதல்ல. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. ஆனால் அது அரசு நிலையம். அலைவரிசை பொதுச்சொத்து, அரசுக்கு மட்டும் உரியதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. கல்வி நிறுவனங்களுக்கு முதலில் அனுமதி வந்தது, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004இல் வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 இறுதியில்தான் வழி பிறந்தது.

சமுதாய வானொலியில் செய்தியோ அரசியல் நடப்பு நிகழ்ச்சியோ போடக்கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், வேலைவாய்ப்பு, பேரிடர் அறிவிப்பு இவையெல்லாம் செய்தி என்ற கணக்கில் வராது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். ஒலிபரப்பிய பதிவை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும், யாராவது புகார் செய்தால் கேட்பார்கள்.

நிர்வாகங்கள் இந்தச் செய்தித் தடையைக் காட்டித்தான் எல்லாவற்றையும் வெட்டுகின்றன. கூலிச் சட்டம் என்ன சொல்கிறது, இ.எஸ்.ஐ. யாருக்கு உண்டு என்பது செய்தியே அல்ல. "இன்ன ஆபீஸில் நேற்று இன்னது நடந்தது" என்றால் செய்தி, கூடவே அவதூறு வழக்குக்கும் வழி. உங்கள் பதிவில் ஆபீஸ் பெயர் இல்லாதது நல்லதுதான், அந்த அக்காவுக்காக மட்டுமல்ல, உங்கள் உரிமத்துக்காகவும்.

சும்மா ஒருத்தன்

மன்னிக்கவும், குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறேன்.

முதல் கேள்வி, ரேடியோ யார் கேட்கிறார்கள்? இரண்டாவது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது? கல்லூரி, அறக்கட்டளை, சபை, இவைதானே. அந்த நிர்வாகக் குழுவில் இருக்கிறவரும் அண்டியாபீஸ் முதலாளியும் ஒரே கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். குரல் மறைக்கும் பிரச்சினைக்கு முன்னால் மைக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பக்கம் உள்ள ஒரு நிலையத்தைக் கேட்டிருக்கிறேன். தோள்சீலைப் போராட்டம் பற்றி நிகழ்ச்சி வரும், அய்யா வைகுண்டர் பற்றி வரும், சுவாமித்தோப்பில் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த கதை வரும், நேசமணி வருவார், குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு வரும். எல்லாம் வேண்டியதுதான். பழைய அநியாயத்தைப் பேசினால் யாருக்கும் வலிக்காது, அதனால் யாரும் தடுப்பதில்லை. இன்றைக்கு டீக்கடையில் யாருக்கு எந்த கிளாஸ், எந்தத் தெரு வழியாகச் சாமி ஊர்வலம் போகக்கூடாது என்று பேசட்டும் பார்க்கலாம். அடுத்த வாரம் அந்த அரை மணி நேரத்தில் சமையல் குறிப்பு வரும்.

வள்ளியாறு

யார் கேட்கிறார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் யாரும் கேட்பதில்லை, உண்மைதான். வேலை செய்யும் இடத்தில் கேட்கிறார்கள். தையல் கடை, ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட், செங்கல் சூளை, அண்டியாபீஸ். கை வேலையில் இருக்கும்போது கண்ணுக்கு டிவியும் போனும் ஆகாது, காது சும்மாதானே இருக்கிறது. போனில் கேட்க இயர்போன் வயரைச் செருகினால்தான் அலை பிடிக்கும், இப்போது வரும் பல போன்களில் அந்த ஓட்டையே இல்லை. அதனால் பழைய பேட்டரி ரேடியோக்களைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கூடத்தில் ஒரு ரேடியோ, நாற்பது ஐம்பது பேர். மேஸ்திரியும் கேட்பார் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

கறுப்புக் கோட்டு

நாகர்கோவிலில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள்: பெயர், முகவரி, புகைப்படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி, அடையாளம் தெரியவைக்கும் வேறு எந்த விவரமும் கூடாது என்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் ரேடியோவில் குரலே "வேறு எந்த விவரம்" என்பதற்குள் வந்துவிடும் என்பது என் கருத்து. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 16ஆம் பிரிவும் புகார் கொடுத்தவரின் விவரத்தை ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. ஆகவே இந்த மூன்றிலும் சொந்தக் குரல் என்ற பேச்சுக்கே இடமில்லை, அவரே சம்மதித்தாலும் தயங்குவேன்.

கூலி, இ.எஸ்.ஐ. விஷயம் அப்படி அல்ல. அங்கே சட்டம் தடுக்கவில்லை, வேலை போகும் என்ற பயம்தான் தடுக்கிறது. அங்கே கரமடி சொல்வதுதான் சரி, முடிவு அவருடையது. ஆனால் "சம்மதமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று சொல்லாதீர்கள். பிரித்துக் கேளுங்கள். உங்கள் குரலிலேயே போகலாமா, வேறு ஆள் வாசிக்கலாமா? ஒரு தடவையா, மறுஒலிபரப்பும் உண்டா? யூடியூபில் ஏற்றலாமா? வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? ஒலிபரப்பாகும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எடிட் செய்ததை அவருக்குப் போட்டுக் காட்டாமல் ஒலிபரப்பவே கூடாது. பேசியது ஒன்று, வெட்டி ஒட்டிய பிறகு கேட்பது இன்னொன்று.

இன்னொரு தகவல், எங்காவது சொருகிவிடுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்ப நினைப்பவர்கள், சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் தாமதித்து வருகிறவர்கள்தான் அதிகம். பணியிடத் துன்புறுத்தல் புகாருக்கு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமோ, முதலாளி மீதே புகாரோ என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

கோதையாறு

நான் பேச்சிப்பாறைக்கு மேலே. உங்கள் வானொலி எதுவும் எங்கள் குடியிருப்புகளுக்கு எட்டாது. 50 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு மலையைத் தாண்ட முடியுமா? பண்பலை நேர்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் அதோடு சரி. தோட்டமலைக்காரர்கள் அணையில் படகு ஏறித்தான் கரைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் மெமரி கார்டில் யாராவது ஏற்றிக் கொடுப்பதுதான். டீக்கடையில் ஸ்பீக்கர் இருக்கிறது, கார்டைச் செருகினால் ஊரே கேட்கும்.

இங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்களிடம் பதிவு எடுக்க நிறையப் பேர் வருவார்கள். பாட்டு, மருந்து, சாமியாட்டு, எல்லாம் பதிவு செய்வார்கள். வன உரிமைச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தப் பதிவு எங்கே போனது என்றும் தெரியாது.

அந்தச் சட்டப்படி நில உரிமை கேட்க 75 வருட ஆதாரம் வேண்டும் என்று இங்கே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பழங்குடி அல்லாத, மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் அந்த நிலத்தில் இருந்தாலே போதும், குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். மனுவை முதலில் பார்ப்பது கிராம சபையின் வன உரிமைக் குழு, ரேஞ்சர் ஆபீஸ் அல்ல. இந்த நாலு வரியைச் சரியாக யாராவது மைக்கில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் மனு கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இதில் உங்கள் கேள்விக்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் ஆதாரம் என்று விதி சொல்கிறது. எங்கள் கிழவர் "எங்க அப்பன் வச்ச பலாவு இது, அதுக்க கீழதான் நான் பிறந்தேன்" என்று பேசுவதை நீங்கள் பதிவு செய்தால், அதில் பெயரும் குரலும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதி, அவரிடம் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினால் மனுவோடு சேர்க்கலாம். மறைத்தால் எங்களுக்குப் பயனே இல்லை.

பூச்சந்தை

நான் தோவாளை. கோதையாறு அண்ணன் சொன்னதைப் படித்ததும் தோன்றியது: யாரை மறைப்பது, யாரை மறைக்கக்கூடாது என்பது அவர் யாரைச் சார்ந்து சோறு தின்கிறார் என்பதைப் பொறுத்தது. காணிக்காரர் அரசிடம் கேட்கிறார். அண்டியாபீஸ் அக்கா திங்கட்கிழமை காலையில் அதே மேஸ்திரி முகத்தில் விழிக்க வேண்டும். வீட்டுக்காரனிடம் அடி வாங்குகிறவள் அன்றைக்கு ராத்திரியே அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

என் யோசனை, தனி ஆள் கதையே வேண்டாம். நம்ம ஊரில் வில்லுப்பாட்டு இருக்கிறதே. குடமும் உடுக்கையும் வைத்து, ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் "ஆமா" போட, அந்த அக்கா சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் பாட்டிலும் பேச்சிலும் சொல்லலாம். குரல் அவருடையது அல்ல, விஷயம் அவருடையது. சிரிக்கவும் வைக்கலாம். அவர் கரண்டியால் சாப்பிடுவதைச் சிரித்துக்கொண்டு சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், வில்லுப்பாட்டில் அந்தச் சிரிப்பும் வரும்.

2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மீன்காரப் பாட்டியை நாறுகிறது என்று பேருந்தில் இருந்து இறக்கிவிட்டார்களே, அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, முதல்வர் வரை பேசினார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். நடவடிக்கை வந்தது நல்லது. ஆனால் அந்தப் பாட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்ட அந்த ஒரு நிமிடம்தான் இனி அவர் என்று ஆகிவிட்டது. யாராவது அவரிடம், இது வெளியே போகலாமா என்று கேட்டார்களா?

கரமடி

வில்லுப்பாட்டு யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதையாகப் போட்டால், "அது சும்மா கதை, எங்க ஆபீஸ்ல அப்படி இல்ல" என்று முதலாளி ஒரே வரியில் தள்ளிவிடுவான். உண்மையான ஆள் பேசும்போது வருகிற கனம் நடிப்பில் வராது.

பாட்டி விஷயத்திலும் எனக்கு வேறு அபிப்பிராயம். அந்தச் சத்தம் வெளியே வராமல் இருந்தால் எங்கள் பெண்கள் இன்னும் கூடையோடு இறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பூச்சந்தை

சத்தம் வெளியே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை அண்ணே. கேட்டார்களா என்றுதான் கேட்டேன்.

கறுப்புக் கோட்டு

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, தொழிற்சங்கக்காரர்கள் எப்போதும் செய்வது. ஒருத்தர் பேசினால் ஆள் தெரியும், எட்டுப் பேர் பேசினால் யாரை வெளியே அனுப்புவான்? வேறு வேறு ஆபீஸ்களில் இருந்து, வேறு வேறு ஊர்களில் இருந்து ஆளுக்கு இரண்டு வாக்கியம். உண்மையான குரல்கள், யாருடையது எந்த ஆபீஸ் என்று பிரிக்க முடியாதபடி. ஒருவருக்கு மட்டுமே நடந்த விஷயத்தை இதில் சேர்க்கக்கூடாது. எல்லாருக்கும் பொதுவானது மட்டும்.

சும்மா ஒருத்தன்

இது பிடித்திருக்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்த பிறகு? எட்டுப் பேர் பேசுவார்கள், நாம் "மனதைத் தொட்டது" என்று கமெண்ட் போடுவோம், இ.எஸ்.ஐ. எண் வராது.

இன்னொரு சோதனை. கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றி உங்கள் நிலையம் பேசுமா? கூலி பேசுவது எளிது, அது பேச்சு வார்த்தையில் முடியும்.

பழைய அறிவிப்பாளர்

பேசலாம், எப்படிப் பேசுவது என்பதுதான் விஷயம். ஆதரவா எதிர்ப்பா என்று ஆளைக் கூட்டிவந்து மோதவிட்டால் அரசியல் என்று நிறுத்திவிடுவார்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. அந்தச் சுருக்கத்தைத் தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசியுங்கள், கடினமான சொல்லை விளக்குங்கள். அதற்கு மேல் மக்களே கேள்வி கேட்பார்கள். 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஒன்றிய அமைச்சகம் விலக்குக் கொடுத்துவிட்ட பிறகு, உட்கார்ந்து கேட்க ஒரு கூட்டம்கூட இல்லை. அப்படியானால் வானொலியின் வேலை கூடியிருக்கிறது, குறையவில்லை.

மைக் யார் கையில் என்றீர்களே. தெலங்கானாவில் மாச்னூர் என்ற ஊரில் 2008 முதல் சங்கம் ரேடியோ நடக்கிறது, நடத்துவது தலித் பெண்கள், விதை, நிலம், கூலி எல்லாம் அவர்களே பேசுகிறார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை இருக்கிறது. 2024இல் வந்த திருத்திய கொள்கை, நிலையத்தின் ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. வள்ளியாறு, உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பேராசிரியையும் தாளாளரின் மனைவியும் என்றால் கணக்குச் சரியாகத்தான் வரும். அண்டியாபீஸில் இருந்து ஒருவரைச் சேர்க்கக் கேளுங்கள்.

சும்மா ஒருத்தன்

பேராசிரியையும் தாளாளர் மனைவியும்! அண்ணாச்சி எங்கள் நிலையத்துக்கு வந்திருக்கிறீர்கள் போல.

வள்ளியாறு

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்காவிடம் மறுபடி போனோம். எடிட் செய்ததைப் போட்டுக் காட்டினோம், கறுப்புக் கோட்டு அக்கா சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டோம். அவர் முடிவு நாங்கள் யாரும் எதிர்பார்த்ததல்ல. விரல் வெந்த பகுதி தன் குரலிலேயே போகட்டும் என்றார். "எல்லாவளுக்க கையும் அப்படித்தான் இருக்கு, அதச் சொன்னா என்ன?" இ.எஸ்.ஐ. பகுதி வேண்டாம். அது மேஸ்திரிக்கும் தனக்கும் நேரடியாக நடந்த பேச்சு, கேட்டால் உடனே தெரியும் என்றார். கரண்டிக் கதையும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆக முதல் நிகழ்ச்சியில் மூன்று ஆபீஸ்களைச் சேர்ந்தவர்கள் கையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். இரண்டாவது நிகழ்ச்சியில் தொழிலாளி குரலே கிடையாது. சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் கட்டியே ஆக வேண்டும், தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி போட வேண்டியது மூன்றேகால் ரூபாய், பிடித்தால் பத்து இலக்க எண் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று ஒரு கணக்கு வகுப்பு மாதிரி நடத்துகிறோம். பென்சிலும் சம்பளச் சீட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்று முந்தின நாளே அறிவிப்போம். வில்லுப்பாட்டு மூன்றாவது வாரம். பூச்சந்தை, பாட உங்கள் ஊரில் ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு: ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் மறுநாள் மாலை இரண்டு மணி நேரம் ஒரு வழக்கறிஞர் நிலையத்தில் உட்காருவார், யாரும் வந்து தாளைக் காட்டலாம். அது ஒலிபரப்பாகாது. மணல் விஷயம் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

பூச்சந்தை

ஆள் இருக்கிறார்கள். பெண்கள் குழுவே இருக்கிறது, கோயில் கொடை சீசன் இல்லாத வாரமாகப் பாருங்கள்.

கோதையாறு

நல்லது. இந்த மூன்று நிகழ்ச்சியையும் ஒரு கார்டில் ஏற்றித் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை படகில் ஆள் போகிறது. மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களும் கேட்கட்டும்.

வள்ளியாறு

இரண்டாவதும் மூன்றாவதும் தருகிறேன். முதல் நிகழ்ச்சி கார்டில் வராது. அந்த அக்கா ரேடியோவுக்குச் சரி என்றார், ஒரு தடவை மட்டும், போனில் சுற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மற்ற ஆபீஸ்காரர்களிடமும் கேட்டேன், இரண்டு பேர் அதையேதான் சொன்னார்கள். உங்கள் ஆட்களில் யாராவது தங்கள் கையைப் பற்றிப் பேசத் தயார் என்றால் நானே ரெக்கார்டரோடு படகு ஏறி வருகிறேன். பால் வெட்டும் கத்தியும் சும்மா இருக்காதே.

கோதையாறு

வாருங்கள். காலைப் படகுக்கே வந்துவிடுங்கள், வெட்டு முடிந்து பத்து மணிக்கு மேல்தான் ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள்.